தாம்பரமும் தைமிடினும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கே செல்லும் மின்தொடர் வண்டி, பல்லாவரம், குரோம்பேட்டை நிலையங்களைக் கடந்து, தாம்பரத்துக்குச் சற்று முன்னதாக ஒரு நிலையத்தில் நிற்கிறது. அந்நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். ஊர்ப் பெயரோடு ஒரு மருத்துவமனையின் பெயரும் சேர்ந்து புகைவண்டி நிலையத்தின் பெயரானது தமிழகத்தில் அருமையாக நிகழ்ந்த ஒன்று. அவ்வழியே நாள்தோறும் செல்வோர் அப்பெயரை முகவரியாக மட்டுமே அறிவர். ஆயின் அப்பெயருக்குள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் நோயும், மருந்தும், மனித முயற்சியும் அடங்கிக் கிடக்கின்றன. அவ்வரலாற்றின் ஒரு கிளை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைக் கொண்டு உயிரின் எழுத்துகளை வடித்தெடுத்த கதையோடு பின்னிப் பிணைந்துள்ளது. அக்கிளையின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

பச்சைமலையின் அடிவாரம்

டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் புகழ்பெற்றவர். அங்கே மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய மருத்துவமனையில், 1917-ஆம் ஆண்டில் நோயுற்ற கணித மேதை இராமானுஜன் சில காலம் தங்கியிருந்தார். தாயகம் திரும்பிய சௌரிமுத்து, தாம்பரத்துப் பச்சைமலையின் அடிவாரத்தில் 250 ஏக்கர் நிலப்பரப்பில் ஒரு காசநோய் மருத்துவமனையை நிறுவினார். 1928 ஏப்ரலில் அதனைச் சென்னை மாகாண ஆளுநர் கோஷன் பிரபு திறந்து வைத்தார். 1931-இல் மின்தொடர் வண்டி தாம்பரம் வரை ஓடத் தொடங்கியது. 1937-இல் மருத்துவமனையை அரசு ஏற்றுக்கொண்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்ததும் அதே 1937-இல்தான். கல்வியும் மருத்துவமும் ஒரே காலத்தில் இத்தென்புறத்துக்கு வந்து சேர்ந்தன எனலாம்.

அக்காலத்தில் காசநோய்க்கு மருந்தில்லை. தூய காற்று, வெயில், நல்லுணவு, ஓய்வு ஆகிய நான்கும்தாம் மருத்துவம். மலையடிவாரத்தை மருத்துவர் தேர்ந்ததன் காரணம் அதுவே. பின்னர் 1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஸ்டிரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். நோய்க்கிருமியை வெல்லும் கருவியை இன்னொரு கிருமியே தந்தது. மண்ணை நோக்கி மருத்துவம் கைநீட்டிய நாள் அது.

1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி அமைத்த மையம் அது. நோயாளிகளில் ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறு சாராரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டனர். 1959-இல் முடிவு வெளிவந்தது. குடிசையில் இருந்துகொண்டே மருந்துண்டவரும், மருத்துவமனையில் ஓய்வெடுத்தவரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். மலைக்காற்றின் தேவையை மருந்து குறைத்துவிட்டது. சானடோரியங்களின் காலம் முடிந்தது என்று உலகெங்கும் கருதப்பட்டது. ஆயின் தாம்பரத்துக்கு இன்னொரு கடமை காத்திருந்தது.

புதிய நோய்

1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் தம் மாணவி நிர்மலாவுக்கு ஓர் ஆய்வுப் பொருளைக் கொடுத்தார். எய்ட்ஸ் என்னும் நோய் மேலைநாடுகளுக்கு உரியது என்றும், இந்தியாவுக்கு வாராது என்றும் பலர் நம்பியிருந்த காலம் அது. நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு பெண்களின் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமிக்கு எதிரான பொருள் இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அவ்வாறுதான். சுனிதி சாலமன் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் அமைப்பைத் தொடங்கினார். தென்சென்னைத் தரமணியின் தன்னார்வ நலப்பணி மருத்துவமனை வளாகத்தில் அவ்வமைப்பு நெடுங்காலம் பணியாற்றியது. 2015-இல் அவர் மறைந்தார்.

அதே 1993-இல் தாம்பரம் மருத்துவமனை எச்.ஐ.வி. நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. அதற்குக் காரணம் எளிது. இக்கிருமி உடலின் காவற்படையை அழிக்கிறது. காவல் இழந்த உடலுக்குள் இந்நாட்டில் முதலில் நுழைவது பெரும்பாலும் காசநோய். ஆதலின் இருமலோடும் காய்ச்சலோடும் வந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது அடியில் மற்றொரு நோய் இருந்தது. பிற இடங்களில் தீண்டுவதற்கும் அஞ்சி நோயாளிகளைத் திருப்பி அனுப்பிய நாளில், நுரையீரல் நோயாளிகளைப் பலவாண்டு அரவணைத்துப் பழகிய இம்மருத்துவமனையின் வாயில் திறந்திருந்தது. தென்மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்தனர். காலப்போக்கில் நாட்டிலேயே மிகப் பெரிய எய்ட்ஸ் பராமரிப்பு நிலையங்களுள் ஒன்றாக அது வளர்ந்தது.

வாயில் திறந்திருந்தது, ஆயின் கொடுப்பதற்கு மருந்து இல்லை. காசநோயைக் குணப்படுத்த முடிந்தது. சத்துணவும் சித்த மருந்துகளும் வழங்க முடிந்தது. இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் இலேகியம் ஆகியவை அக்காலத்தில் இங்கே கொடுக்கப்பட்டன. அவை நோயாளிகளின் உடல் தேறுவதற்காகத் தரப்பட்டன. எனினும் கிருமியையே அடக்கும் மருந்துகளுக்கு அவை ஈடு என்று நிறுவப்படவில்லை. கிருமியை அடக்கும் மருந்து உலகில் அப்போதே இருந்தது. அதன் விலைதான் பச்சைமலையைவிட உயரமாக இருந்தது.

உயிரின் எழுத்துகள்

அம்மருந்தை அறிய, உயிரின் எழுத்து முறையைச் சிறிது அறிதல் வேண்டும். உயிரணுவின் உள்ளே டி.என்.ஏ. என்னும் நெடுந்தொடர் உள்ளது. அது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நூல். ஒவ்வோர் எழுத்தும் மூன்று உறுப்புகளை உடையது: ஒரு காரம், ஒரு சர்க்கரை, ஒரு பாஸ்பேட். இவற்றுள் பாஸ்பேட்டை நீக்கி, காரமும் சர்க்கரையும் மட்டும் கூடிய வடிவமே நியூக்ளியோசைடு எனப்படும். இப்பெயரை 1909-இல் லெவீனும் ஜேக்கப்சும் வழங்கினர்.

எழுத்துகளின் பெயர்கள் அவை முதலில் கிடைத்த இடங்களைக் காட்டுகின்றன. கடற்பறவைகளின் எச்சமான குவானோவிலிருந்து 1844-இல் குவானின் கிடைத்தது. கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து 1893-இல் கோசலும் நியூமனும் தைமினைக் கண்டனர். தைமினோடு உரிய சர்க்கரை சேர்ந்தால் அது தைமிடின்.

எழுத்தோடு எழுத்து சேரும் இடம் சர்க்கரையின் ஒரு மூலையில் உள்ளது. அங்கே ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கூடிய ஒரு கொக்கி உண்டு. அடுத்து வரும் எழுத்து அக்கொக்கியில்தான் மாட்டிக்கொள்ளும். தமிழ் இலக்கணத்தார் நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் வைத்துப் புணர்ச்சி கூறியது போல, உயிரின் இலக்கணத்திலும் ஈறு இல்லையேல் புணர்ச்சி இல்லை. கொக்கியற்ற ஓர் எழுத்து தொடரில் புகுந்துவிட்டால், தொடர் அவ்விடத்திலேயே நின்றுவிடும்.

இவ்வுத்தியை மனிதனுக்கு முன்பே இயற்கை கையாண்டுள்ளது. புழுக்களின் மேல் வளரும் ஒரு காளானிலிருந்து 1950-இல் கார்டிசெபின் என்னும் பொருள் பிரிக்கப்பட்டது. அது கொக்கியற்ற நியூக்ளியோசைடு. 1951-இல் வெர்னர் பெர்க்மன், கரீபியக் கடலின் பஞ்சுயிரி ஒன்றில், மாறுபட்ட சர்க்கரை பொருந்திய நியூக்ளியோசைடுகளைக் கண்டதாக எழுதினார். பொய்யெழுத்துகளைக் கொண்டு நோயின் வாக்கியத்தை முறிக்கலாம் என்னும் எண்ணம் வேதியியலாரிடம் அப்போது வேரூன்றியது.

1964-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஜெரோம் ஹார்விட்ஸ் தைமிடினின் கொக்கியை நீக்கி, அவ்விடத்தில் மூன்று நைட்ரஜன் அணுக்களைப் பொருத்தினார். புற்றுநோய்க்கு மருந்தாகும் என்று அவர் எண்ணினார், அது ஆகவில்லை. 1966-இல் தைமிடினை அடிப்படையாகக் கொண்டு இன்னொரு பொருளையும் செய்தார், அதுவும் பயன்படவில்லை. இரண்டும் புட்டியில் அடைபட்டு ஏட்டில் பெயராக மட்டும் நின்றன. முன்னது சிடோவுடின், பின்னது ஸ்டாவுடின்.

எச்.ஐ.வி. கிருமியின் மரபுச்செய்தி ஆர்.என்.ஏ. வடிவில் உள்ளது. மனித உயிரணுவுக்குள் நுழைந்ததும் அது தன் செய்தியை டி.என்.ஏ.-ஆகத் திருப்பி எழுதிக்கொள்கிறது. இவ்வாறு திருப்பி எழுதும் நொதி இருப்பதை 1970-இல் டெமினும் பால்டிமோரும் வேறு கிருமிகளில் கண்டறிந்தனர். எச்.ஐ.வி. 1983-இல் பாரிசில் கண்டறியப்பட்டதும், அதன் எழுத்தரை ஏமாற்றும் பொய்யெழுத்து உண்டா என்று தேடத் தொடங்கினர். 1985-இல் பரோஸ் வெல்கம் நிறுவனம் அனுப்பிய சிடோவுடினை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிரோவாகி மிட்சுயாவும் சாமுவேல் பிராடரும் சோதித்தனர். கிருமியின் எழுத்தர் பொய்யெழுத்தை மெய்யென்று ஏற்றார், வாக்கியம் முறிந்தது. 1987 மார்ச்சில் அம்மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் உறங்கிய பொருள், முதல் எய்ட்ஸ் மருந்தாயிற்று.

மீனின் விந்தும் மருந்தின் பஞ்சமும்

மருந்து கிடைத்தது, மூலப்பொருள் கிடைக்கவில்லை. சிடோவுடினைச் செய்யத் தைமிடின் வேண்டும். அக்காலத்தில் தைமிடினுக்கு முதன்மையான இயற்கை ஊற்று, ஹெர்ரிங், சால்மன் ஆகிய மீன்களின் விந்து. விந்தணுவில் டி.என்.ஏ. செறிந்திருப்பதால் அதனை உடைத்து நான்கு எழுத்துகளையும் பிரித்தெடுத்தனர். நான்கும் கலந்து வரும். வேண்டுவது ஒன்று மட்டும். ஆய்வுக்கூடத்தின் சிறு தேவைக்கு அது போதும். பல்லாயிரம் நோயாளிகளின் அன்றாடத் தேவைக்குப் போதாது. முதற்சோதனைகளின்போது தைமிடின் தட்டுப்பாடு ஏற்பட, தன் கையிருப்பிலிருந்து புற்றுநோய் நிறுவனமே அதனை வழங்க வேண்டியதாயிற்று. மருந்து வெளிவந்தபோது அதன் விலை ஓர் ஆண்டுக்கு 8000 முதல் 10000 டாலர் வரை இருந்தது. விலையின் பெரும்பகுதி காப்புரிமையாலும் வணிகத்தாலும் விளைந்தது. எனினும் மூலப்பொருளின் அருமையும் அதில் ஒரு பங்கு வகித்தது.

வேதியியல் முறையில் நியூக்ளியோசைடைத் தொகுப்பதிலும் இடர் உண்டு. காரத்தைச் சர்க்கரையோடு இணைக்கும்போது, அது சர்க்கரையின் மேற்புறமும் அமரலாம், கீழ்ப்புறமும் அமரலாம். உயிர் ஏற்பது ஒரு புறத்தை மட்டுமே. வேதிக்கலம் பெரும்பாலும் இரண்டையும் கலந்து தரும். பிழையற எழுத அறிந்த எழுத்தர் ஒருவரே உளர்; அது உயிரணு. எனவே அறிவியலார் நுண்ணுயிரை நாடினர்.

நொதித்தலின் கலை

நொதித்தல் தமிழர்க்குப் புதியதன்று. இரவில் கரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி நிற்பதும், பால் தயிராவதும் நுண்ணுயிரின் தொழிலே. ஆனால் ஒரு நுண்ணுயிர் தன் மரபெழுத்துகளையே வெளியே கொட்டுமாறு செய்வது வேறு கலை. அதனை வளர்த்தது ஜப்பான். அதற்குக் காரணம் நாக்கின் சுவை.

1908-இல் இகேடா என்னும் வேதியியலார் கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் குளுட்டமேட் காரணம் என்று கண்டார். 1913-இல் அவர் மாணவர் கொடாமா, காய்ந்த மீனின் சுவைக்கு இனோசினேட் காரணம் என்றார். 1950-களின் பிற்பகுதியில் குனினாகா அகிரா, குவானிலேட்டும் அதே சுவையைத் தரும் என்று நிறுவினார். இவ்விரண்டும் நியூக்ளியோசைடோடு பாஸ்பேட் கூடிய பொருள்கள். மீனைக் காய்ச்சி எடுக்காமல், இவற்றை நுண்ணுயிரிடமிருந்து பெறும் முயற்சி 1960-களில் பெருந்தொழிலாயிற்று.

நுண்ணுயிரின் சிக்கனத்தை உடைப்பதே இத்தொழிலின் மறைபொருள். உயிரணு தனக்கு வேண்டிய அளவு எழுத்துகளை மட்டுமே செய்யும். போதிய அளவு சேர்ந்ததும், அவ்வெழுத்தே திரும்பிச் சென்று தன்னைச் செய்யும் முதல் நொதியைத் தடுக்கும். அறிவியலார், இனோசினேட்டை அடினைனாக மாற்றும் படி அற்றுப்போன பேசில்லஸ் வகை நுண்ணுயிர்களைத் தேர்ந்தனர். அவை உயிர்வாழ அடினைனை வெளியிலிருந்து ஊட்டுதல் வேண்டும். அதனைக் குறைத்தே ஊட்டினர். எழுத்துப் பஞ்சத்தை உணர்ந்த நுண்ணுயிர் மேலும் மேலும் செய்தது. செய்தது மேலே செல்ல வழியின்றித் தேங்கியது. பாஸ்பேட் உதிர்ந்து இனோசின் என்னும் நியூக்ளியோசைடாகி வெளியே வழிந்தது.

இந்நுண்ணுயிர்களைத் தேர்ந்தெடுத்த முறையும் வியப்புக்குரியது. புற ஊதாக் கதிராலும் வேதிப்பொருளாலும் பல்லாயிரம் மாற்றங்களை உண்டாக்கி, அவற்றிடையே 8-அசாகுவானின் போன்ற பொய்யெழுத்துகளைத் தூவினர். பொய்யெழுத்தால் மடியாது பிழைத்தவை, தடைகளுக்குக் கட்டுப்படாத ஊதாரிகள். அவையே பெருவிளைச்சல் தந்தன. நோயை முறிக்கும் பொய்யெழுத்து இங்கே நல்ல வேலையாளைத் தேர்ந்தெடுக்கும் சல்லடையாகப் பயன்பட்டது.

1973-இல் கோஹனும் பாயரும் ஓர் உயிரின் மரபணுவை மற்றோர் உயிரில் பொருத்தும் முறையை நிறுவியபின், தற்செயலான மாற்றத்துக்குக் காத்திருக்கும் தேவை நீங்கியது. 1990-களிலும் அதன் பின்னரும் தைமிடினுக்கென்றே ஈ. கோலி நுண்ணுயிரைத் திருத்தி அமைத்தனர். அத்திருத்தத்தை மூன்று செயல்களாகக் கூறலாம்.

முதலாவது, வாய்க்காலை அகலப்படுத்தல். ஆர்.என்.ஏ.-வின் எழுத்தை டி.என்.ஏ.-வின் எழுத்தாக மாற்றும் நொதியும், தைமினுக்குரிய கிளையைச் சேர்க்கும் நொதியும் உயிரணுவில் கட்டுப்பாட்டோடு இயங்குகின்றன. டி-4 என்னும் வைரசு, பாக்டீரியாவைத் தாக்கித் தன் இனத்தை விரைந்து பெருக்குவது. ஆதலின் அதன் நொதிகள் அக்கட்டுப்பாட்டுக்கு அவ்வளவாக அடங்குவதில்லை. அவற்றின் மரபணுக்களை ஈ. கோலியில் வைத்தனர்.

இரண்டாவது, மடையைத் திறத்தல். தைமிடினின் மேல் உள்ள பாஸ்பேட்டை நீக்கினால்தான் அது வெளியே வரும். அதற்கேற்ற நொதி பேசில்லஸைத் தாக்கும் பி.பி.எஸ். வகை வைரசில் கிடைத்தது. அவ்வகை வைரசின் இயல்பு விந்தையானது. அதன் டி.என்.ஏ.-வில் தைமின் என்னும் எழுத்தே இல்லை. அவ்விடத்தில் யுராசில் உள்ளது. தைமின் தன் நூலுக்குள் புகாதிருக்கும் பொருட்டு, அதன் பாஸ்பேட்டைப் பறிக்கும் நொதியை அது உண்டாக்குகிறது. ஓர் எழுத்தை வெறுத்து ஒதுக்கும் வைரசின் கருவியே, அவ்வெழுத்தை மனிதனுக்கு வடித்துத் தரும் கருவியாயிற்று.

மூன்றாவது, கசிவை அடைத்தல். தைமிடினை உடைத்துத் தின்னும் நொதியும், மீண்டும் பாஸ்பேட் சேர்த்து உள்ளே வைத்துக்கொள்ளும் நொதியும் ஈ. கோலியில் இயல்பாக உண்டு. அவற்றின் மரபணுக்களை நீக்கினர். சர்க்கரைக் கரைசலில் வளரும் நுண்ணுயிர் தைமிடினைச் சேமிக்காமல் வெளியேற்றியது. அது சரியான புறத்தில் இணைந்த தைமிடின். மீனும் வேண்டா, மேற்புறமா கீழ்ப்புறமா என்னும் ஐயமும் இல்லை.

இதனோடு வேறொரு வழியும் திறந்தது. நொதிப்பில் எளிதாகக் கிடைக்கும் குவானோசினிலிருந்து சர்க்கரையை மட்டும் கழற்றித் தைமினோடு பூட்டும் நொதிகள் உள்ளன. அவ்வாறு கிடைக்கும் 5-மெத்தில்யுரிடினிலிருந்து ஸ்டாவுடினைச் செய்யலாம். வேதித் தொகுப்பு, நொதி, நொதிப்பு ஆகிய மூன்று வழிகளும் போட்டியிட்டு, மீனின் விந்துக்குக் கட்டுண்டிருந்த எழுத்தை விடுவித்தன.

விலை என்னும் மலை

எழுத்து எளிதானதாலேயே மருந்து எளியோர் கைக்கு வந்துவிடவில்லை. இடையில் சட்டம் இருந்தது. 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்தைச் செய்யும் முறைக்கு உரிமை வழங்கியதே அன்றி, மருந்துப் பொருளுக்கே உரிமை வழங்கவில்லை. வேறு வழியில் அதே பொருளைச் செய்தல் குற்றமன்று. ஹைதராபாத்தின் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஏ. வி. ராமராவ் சிடோவுடினைச் செய்யும் வழியை வகுத்தார். மும்பையின் சிப்லா நிறுவனம் 1993-இல் அதனை வெளியிட்டது. தாம்பரம் தன் வாயிலைத் திறந்த ஆண்டும் அதுவே.

ஆயினும் அம்மருந்தும் ஏழை நோயாளிக்கு எட்டவில்லை. அன்றியும் ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி விரைவில் அதனைப் பழகிக்கொள்ளும். 1996-இல் மூன்று மருந்துகளைக் கூட்டிக் கொடுக்கும் முறை உலகுக்கு அறிமுகமாயிற்று. மேலைநாடுகளில் எய்ட்ஸ் சாவுகள் சரிந்தன. அங்கே அம்முறையின் விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல். அங்கே வாழ்வு நீண்ட அதே ஆண்டுகளில், இங்கே பச்சைமலையின் அடிவாரத்தில் இளைஞர்களும் இளந்தாய்மாரும் மடிந்தனர். மருந்து இல்லாமையால் மடிவது ஒன்று. மருந்து இருந்தும் எட்டாமையால் மடிவது மற்றொன்று. தாம்பரத்தின் வார்டுகள் இரண்டாவதன் சாட்சிகள்.

2001 பிப்ரவரியில் சிப்லாவின் யூசுப் ஹமீத், ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் ஆகிய மூன்றையும் கூட்டி, எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்கு வழங்குவதாக அறிவித்தார். நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. அம்மூன்றனுள் முதலிரண்டும் நியூக்ளியோசைடுப் பொய்யெழுத்துகள். உலகெங்கும் விலை சரியத் தொடங்கியது. இவ்வீழ்ச்சியின் பெருமை சட்டத்துக்கும், வேதியியலார்க்கும், நோயாளிகளின் போராட்டத்துக்கும் உரியது. நுண்ணுயிருக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு. பின்னர் 2005-இல் சட்டம் திருத்தப்பட்டு, மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வந்தது என்பதையும் மறத்தல் ஆகாது.

2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எட்டு மையங்களில் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அவற்றுள் தாம்பரமும் ஒன்று. சௌரிமுத்துவின் மருத்துவமனை ஏப்ரலில் திறக்கப்பட்டு எழுபத்தாறு ஆண்டுகள் கழிந்து, மற்றோர் ஏப்ரலில் அங்கே இன்னொரு வாயில் திறந்தது. மாதந்தோறும் மாத்திரை வாங்க வருவோரின் வரிசை, மரணத்தை எதிர்நோக்கிப் படுத்திருந்தோரின் வரிசையின் இடத்தைப் பிடித்தது.

பொய்யெழுத்துக்கும் விலை உண்டு. நெடுநாள் ஸ்டாவுடின் உண்டவர்க்குக் கைகால் நரம்புகள் எரிந்தன. கன்னக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டியது. 2009-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அதனைக் கைவிடுமாறு அறிவுறுத்தியது. தற்போது முதல்நிலை மருத்துவத்தில் டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் ஆகியன கூட்டித் தரப்படுகின்றன. ஆள் மாறினாலும் இலக்கணம் மாறவில்லை. முதலிரண்டும் இன்றும் கொக்கியற்ற எழுத்துகளே.

தொடரும் எழுத்து

இக்கலை எய்ட்ஸோடு நின்றுவிடவில்லை. 2005-இல் கரிக்கோவும் வைஸ்மனும், ஆர்.என்.ஏ.-வின் ஓர் எழுத்தைச் சூடோயுரிடின் என்னும் வேறு வடிவத்தால் மாற்றினால், உடலின் காவற்படை அதனைப் பகையென்று கருதாது என்று காட்டினர். கோவிட் தடுப்பூசிகள் அதன் ஒரு வகையால் உருவாயின. 2023-இல் அவ்விருவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. அவ்வெழுத்தையும் திருத்திய நுண்ணுயிர்களிடமிருந்து பெறும் முயற்சிகள் நடைபெறுகின்றன. 2019-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இஸ்லாட்ராவிர் என்னும் நியூக்ளியோசைடை ஒன்பது நொதிகளைக் கொண்டே செய்து காட்டினர். அவற்றுள் ஐந்து மனிதர் திருத்தி அமைத்தவை.

தாம்பரமும் மாறியுள்ளது. சானடோரியம் பகுதியில் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. பச்சைமலையைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. சௌரிமுத்து நாடி வந்த தனிமை அங்கே இல்லை. நிலையத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

கவிஞர் ஓர் எழுத்து பிறழ்ந்தால் யாப்பு சிதையும் என்பதை அறிவர். ஓர் எழுத்து மாறி அமர்ந்ததால் நோயின் தொடர் அறுந்து, தாய் ஒருத்தி மகளின் திருமணத்தைக் காணும் வரை வாழ்ந்தாள் என்பதும் அவ்வகை உண்மையே. அவ்வெழுத்தை முதலில் செய்த ஹார்விட்ஸ் அதனால் செல்வம் பெறவில்லை. வடித்துக் கொடுத்த நுண்ணுயிர் அதன் பயனை அறியாது. எழுத்து யாரால் செய்யப்பட்டது என்பதினும், அது யார் கைக்குச் சென்று சேர்ந்தது என்பதே வரலாறு கேட்கும் கேள்வி. 1987-இல் பிறந்த மருந்து 2004-இல்தான் தாம்பரத்தின் ஏழைக்கு இலவசமாகக் கிடைத்தது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் மறைந்தவர்களின் பெயர்கள் எந்த நிலையத்திலும் எழுதப்படவில்லை. அவ்வழியே வண்டி செல்லும்போது சானடோரியம் என்னும் பெயரைப் படிப்போர், அவர்களையும் சேர்த்தே படிப்பார்களாக.